வடபுலத் தலைநகரில் மாணவ வாழ்க்கை

ஒரு சர்வகலாசாலையிற் பதிவு பெற்ற மாணவர், அந்தப் பதிவை விடாமலே அரையாண்டுக்கோ ஓராண்டுக்கோ பிறநாட்டுச் சர்வகலாசாலை ஒன்றிற் படித்துவிட்டுத் தம் இடத்துக்கே மீளுவதைப் பரிமாற்றக் கல்வி என்பர். பட்டம் பெறுவதற்காகப் பிறநாடு செல்வது வேறு, இது வேறு. பட்டத்துக்குச் செல்பவர் அங்கே வேரூன்ற வேண்டியவர். பரிமாற்ற மாணவரோ விருந்தினராகச் சென்று, விருந்தினராகவே திரும்புபவர். விருந்தினர் என்ற சொல்லை ஆராயாமல் விடுவதற்கில்லை. எந்த ஊரில் எத்தகைய விருந்து என்பதை முன்கூட்டி அறியாதவர்களே பெரும்பாலும் பயணத்திற் சோர்ந்து போகிறார்கள்.

கண்டி மாநகருக்கு இவ்வகை விருந்து புதிதன்று. 1753ஆம் ஆண்டில் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் கண்டியில் அரசு செலுத்தினான். மதுரை நாயக்கர் வழிவந்த அம்மன்னன் காலத்திலே, சீயம் நாட்டின் அயோத்தியாவிலிருந்து உபாலி தேரர் தலைமையிற் பிக்குமார் குழுவொன்று கண்டிக்கு வந்தது. இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் துறவு நிலையை மீண்டும் நிலைநிறுத்துவது அவர்களின் பணி. வேற்று மொழி பேசும் அவர்கள் கண்டியில் தங்கி, மல்வத்தை விகாரையிலே நம் நாட்டுத் துறவியருக்கு முறைகளைக் கற்பித்தனர். உபாலி தேரர் ஊர் திரும்பவில்லை. 1756இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். கல்வி கடல் கடந்து வருவதும் போவதும் இந்த மலைநகருக்குப் பழகிய செய்தி என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பௌடின் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் ஹோல்ற் முன்னின்று 1982இல் ஓர் ஏற்பாட்டைத் தொடக்கினார். அமெரிக்கக் கலைக் கல்லூரிகள் சில ஒன்றுசேர்ந்து நடத்திய அவ்வேற்பாட்டின்படி, அக்கல்லூரிகளின் மாணவர்கள் கண்டிக்கு வந்து ஒரு தவணைக் காலம் தங்கினர். பேராதனைச் சர்வகலாசாலை ஆசிரியர்களிடம் சிங்களமும் பௌத்தமும் இந்நாட்டுச் சமூக வரலாறும் படித்தனர். அவர்கள் விடுதிகளிலே தங்கவில்லை. கண்டிக் குடும்பங்களின் வீடுகளிலே தங்கினர். காலையிலே அவ்வீட்டு அம்மா தேநீர் கொடுப்பார். மாலை இருட்டுமுன் வரவேண்டும் என்பார். வரத் தாமதித்தால் வாசலில் நிற்பார். இருபது வயது அமெரிக்க மாணவருக்கு இது முதலிற் கட்டாகத் தோன்றியிருக்கும். ஆயினும் மொழி கற்பதற்கும் தனிமை தீர்வதற்கும் அதைவிட மேலான வழி இல்லை.

இதே பயணத்தை எதிர்த்திசையிலே நினைத்துப் பார்க்கவேண்டும். தெல்தோட்டையிலிருந்தோ, கலகாவிலிருந்தோ, புசல்லாவையிலிருந்தோ பேராதனைக்கு வந்து படிக்கும் ஒரு பிள்ளை, தன் குடும்பத்தில் முதல்முதலாகச் சர்வகலாசாலை வாயிலைக் கண்ட பிள்ளை, நோர்வே நாட்டின் தலைநகரான ஒஸ்லோவுக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்வதாகக் கொள்வோம். அங்கே அப்பிள்ளைக்கு ஒரு வீடும் ஓர் அம்மாவும் காத்திருப்பதில்லை. காத்திருப்பது ஒரு திறவுகோல்.

ஒஸ்லோச் சர்வகலாசாலை 1811இல் நிறுவப்பெற்றது. 1939 வரையில் பிரெடெறிக் மன்னரின் பெயர் தாங்கி நின்றது. வெளிநாட்டினருக்கு அங்கே கதவு திறந்திருப்பதும் நெடுங்கால வழக்கமே. இரண்டாம் உலகப்போர் முடிந்த சூட்டோடு, 1947இலேயே பன்னாட்டு மாணவருக்கான கோடைப் பள்ளியொன்று அங்குத் தொடங்கிற்று. அந்நாட்டில் அரசாங்கச் சர்வகலாசாலைகளிற் கல்விக் கட்டணமே இல்லை என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கலாம். அது பழைய செய்தி. 2023ஆம் ஆண்டின் இலையுதிர்காலத் தவணை முதல், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியேயிருந்து பட்டம் பெற வரும் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியவர்களாயினர். இரு சர்வகலாசாலைகளுக்கிடையே உடன்படிக்கை இருந்து, அதன் வழி வரும் பரிமாற்ற மாணவருக்கு அக்கட்டணம் இல்லை. ஆகவே உடன்படிக்கை உண்டா, எந்தத் துறைக்கு உண்டு, எவ்வாண்டு வரைக்கும் உண்டு என்பவற்றை முதலில் தத்தம் சர்வகலாசாலையிலே கேட்டறிதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் திட்டம் 2015 முதல் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளின் மாணவர்களுக்கும் இத்தகைய பரிமாற்றத்துக்கு உதவுப்பணமும் பயணச் செலவும் வழங்கத் தலைப்பட்டது. அத்திட்டத்தின் வழி இடம் கிடைப்பின் ஏழைப் பிள்ளைக்குப் பெருந்துணையாகும்.

கட்டணம் இல்லை என்றதும் செலவில்லை என்று எண்ணிவிடலாகாது. ஒஸ்லோ விலைவாசி மிக்க நகரம். அந்நாட்டரசு குறித்துள்ள வாழ்க்கைச் செலவுத் தொகை தன்னிடம் உண்டெனக் காட்டினாலன்றி மாணவருக்கு அனுமதி கிடையாது. அத்தொகை காலத்துக்குக் காலம் உயர்வது. கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டமையால், அங்கு நேரிற் சென்று விசாரிக்கும் வசதியும் அற்றுப்போயிற்று. ஆதலின் விண்ணப்ப அலுவல்களைப் பல மாதங்களுக்கு முன்னரே தொடக்குவது நன்று.

இனி, அங்கே வாழ்க்கை எப்படி? குளிரைப் பற்றியே எல்லோரும் கேட்பர். உண்மையிற் குளிரைவிட வெளிச்சமே பெரிய விடயம். கண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைத் தொலைவிலுள்ளது. ஒஸ்லோ ஏறத்தாழ அறுபதாம் பாகையில் இருக்கிறது. கண்டியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்கு இருட்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது கண்டிக்கு ஏறக்குறையப் பொருந்தும். ஒஸ்லோவிலோ, டிசம்பர் 21ஆந் தேதியளவிற் காலை ஒன்பது மணி கழிந்த பின்னரே சூரியன் தோன்றும். பிற்பகல் மூன்றேகால் ஆகுமுன் மறைந்துவிடும். பகற்பொழுது ஆறு மணி நேரங்கூட இல்லை. பூமியின் அச்சு இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருத்தலே இதற்குக் காரணம். அந்நாளில் நண்பகற் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏழு பாகைகூட எழுவதில்லை. மரங்களின் உச்சியைத் தொட்டுச் செல்லும் மங்கிய வெளிச்சந்தான் அன்றைய நண்பகல். மழைமேகம் மூடினால் அதுவும் இல்லை.

இதை ஏட்டிற் படிப்பதும் அனுபவிப்பதும் ஒன்றல்ல. ஓகஸ்டு மாதத்தில் மாணவர் சென்று இறங்கும்போது மாலை ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஊர் இனிது, மக்கள் இனியர், எல்லாம் நன்று என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புவார். நவம்பர் பிறந்ததும் செய்தி குறையும். உறக்கம் கெடும். அல்லது உறக்கமே மிகும். விரிவுரைக்குப் போக மனம் வராது. இதைச் சோம்பல் என்றோ, ஊர் நினைவு என்றோ பெற்றோர் கருதிக் கண்டிப்பதுண்டு. பகல் வெளிச்சக் குறைவினால் உடலின் உறக்க ஒழுங்கு பிசகுவதே பெரும்பாலும் முதற் காரணம். அந்நாட்டார் இதை நன்கறிவர். பகலில் வெளிச்சம் உள்ள சிறு பொழுதிலே வெளியில் நடப்பதை அவர்கள் தவறவிடுவதில்லை. சன்னல்தோறும் விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏற்றிவைப்பர். கொட் மீனின் ஈரல் எண்ணெயைக் குளிர்காலம் முழுதும் கரண்டிக் கணக்கில் அருந்துவர். வெயில் உடலிற் படுவதால் உண்டாகும் டி உயிர்ச்சத்து அந்த மாதங்களில் உண்டாகாமையே இதற்குக் காரணம். கருமேனியருக்கு அச்சத்து உண்டாக வெள்ளையரைக் காட்டிலும் மிகுந்த வெயில் வேண்டும் என்பதால், நம் பிள்ளைகள் இதிற் கூடிய கவனம் கொள்ளவேண்டும். ஒஸ்லோவிற் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் மீனெண்ணெயைப் புறக்கணிப்பது துணிச்சலன்று, அறியாமை.

மணிக்கூட்டு வேற்றுமையையும் இவ்விடத்திற் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஒஸ்லோ நமக்கு நாலரை மணி நேரம் பின்னிற்கும். தனிமை மிக வருத்தும் நேரம் இரவு எட்டு மணி என்று கொண்டால், கண்டியிலே அப்போது நள்ளிரவு கழிந்து அரை மணி. தாயின் குரலைக் கேட்க வேண்டிய நேரத்திலே தாய் உறங்கிக்கொண்டிருப்பாள். தொலைபேசி எவ்வளவு மலிந்தாலும் இந்த நாலரை மணியை யாராலும் மலிவாக்க முடியவில்லை. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு, இங்கே இரவுச் சாப்பாட்டு வேளையிலே, பேசும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது உதவும்.

குளிரைப் பொறுத்தவரை அச்சம் மிகை. ஒஸ்லோவின் குளிர்காலத்தில் வெப்பநிலை பல நாள்கள் உறைநிலைக்குக் கீழே நிற்குமாயினும், வீடுகளும் வகுப்பறைகளும் வெதுவெதுப்பாகவே இருக்கும். நுவரெலியாவின் ஜனவரி இரவிலே, தகரக் கூரையின் கீழ் ஒற்றைப் போர்வையோடு உறங்கிய பிள்ளைக்கு ஒஸ்லோ அறை சொர்க்கமாகத் தோன்றும். ஆபத்து வீதியிலே இருக்கிறது. பெய்த பனி உருகி, மறுபடி இறுகி, கண்ணாடித் தகடாகும்போது நடைபாதையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக் கொள்வோர் ஊர்மக்களிலும் பலர். சப்பாத்தின் அடியிற் பூட்டும் சிறு இரும்பு முள்கள் கடைகளில் விற்கப்படும். வயோதிபருக்கு உரியவை என்று இளைஞர் வெட்கப்படுவர். வெட்கப்படாதிருப்பதே நலம்.

இனி அந்தத் திறவுகோலுக்கு வருவோம். மாணவர் நலச் சங்கம் நடத்தும் மாணவர் குடியிருப்புகள் ஒஸ்லோவிற் பல உள்ளன. அவற்றுள் சொங் என்னும் குடியிருப்பு 1952இல் அங்கு நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுக்கு வந்த வீரர்கள் தங்கிய இடம். நகரின் வட விளிம்பிலே சொங்ஸ்வான் ஏரியின் அருகே கிறிங்ஷோ என்னும் பெரிய குடியிருப்பு இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் பலர் அங்கே தங்குவர். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. சமையலறை பலருக்கும் பொது. குளிர்ப்பெட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. ஒருவர் தட்டிலுள்ள பாலை இன்னொருவர் தொடமாட்டார். பேராதனையின் இராமநாதன் மண்டபத்திலோ அருணாசலம் மண்டபத்திலோ ஒரு சம்பல் போத்தல் அறை அறையாகச் சுற்றி வருவதைக் கண்ட பிள்ளைக்கு இந்தத் தட்டுப் பிரிவினை முதலில் மனத்தை உறுத்தும். ஆனால் அதிற் கஞ்சத்தனம் இல்லை. பிறர் உரிமையில் தலையிடாமையை அவர்கள் மரியாதையாகக் கொள்கிறார்கள். கேட்டால் பாலை மகிழ்ந்து தருவர். கேட்க வேண்டும் என்பதே முறை.

பல குடியிருப்புகளிலே ஆண்களும் பெண்களும் ஒரே சமையலறையைப் பயன்படுத்துவர் என்பதைப் பெண்பிள்ளைகளின் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பின்னர் அறிந்து பதறுவதிற் பயனில்லை. அறைக்குத் தனிப்பூட்டு உண்டு. பெண் ஒருத்தி இரவிலே தனியே தொடர்வண்டியில் வருவது அங்கே வியப்புக்குரிய செயலன்று. விண்ணப்பிக்கும்போதே அறைவகையைத் தெரிந்து கேட்கலாம்.

உணவு இன்னொரு படிப்பு. நண்பகலிலே அவர்கள் சமைத்த உணவை நாடுவதில்லை. வீட்டிலிருந்து தாளிற் சுற்றிக் கொண்டுவந்த பாண் துண்டுகளே மதிய உணவு. அதன் மேல் கபில நிறமான, சற்று இனிக்கும் பாற்கட்டி இருக்கும். பேராசிரியரும் அதையே உண்பார், மாணவரும் அதையே உண்பார். மாலை ஐந்து மணியளவிலே ஒரு வேளை சூடான உணவு. வெளியே வாங்கி உண்பது கைப்பணத்தைக் கரைத்துவிடும் என்பதால் சமைக்கத் தெரியாத ஆண்பிள்ளை அங்கு பெரிதும் இடர்ப்படுவான். புறப்படுமுன் பருப்புக் கறியும் சோறும் இரண்டு மரக்கறியும் ஆக்கப் பழகிக்கொள்வது ஆங்கிலம் பழகுவதற்கு ஒப்பான தேவை. மிளகாய் தாளிக்கும்போது மாத்திரம் சன்னலைத் திறந்து, மேலேயுள்ள காற்றிழுப்பியையும் போட்டுவிட வேண்டும். கூரையிலுள்ள புகையறியும் கருவிக்குச் செத்தல் மிளகாயின் அருமை தெரியாது.

அங்குள்ளவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேருந்திலே இரண்டு இருக்கைகளில் ஒன்றில் ஒருவர் இருந்தால், மற்றவர் வேறு வெற்றிருக்கை தேடுவர். எங்கே போகிறீர், அப்பா என்ன வேலை, கூடப்பிறந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விகள் கண்டியிலிருந்து குருநாகலுக்குப் போகுமுன் கேட்டு முடிந்துவிடும். அங்கே ஓராண்டு பழகியவரும் அவற்றைக் கேட்கத் தயங்குவர். இந்த மௌனத்தை வெறுப்பென்று எடுத்துக்கொள்ளும் மாணவர் அறைக்குள்ளே ஒடுங்கிவிடுகிறார். மௌனம் கலையும் இடங்களும் உண்டு. டுக்னாட் என்னும் ஒரு வழக்கம் அவற்றுள் ஒன்று. குடியிருப்பில் வாழ்வோர் யாவரும் குறித்த ஒரு நாளிலே கூடி, வளவைத் துப்புரவாக்கி, வேலிக்கு நிறம் பூசி, இலை கூட்டி, பின் ஒன்றாகக் கோப்பி அருந்துவர். ஊதியமில்லை. வராதவர் பெயர் மட்டும் எல்லோர் நினைவிலும் நிற்கும். நம்நாட்டுச் சிரமதானத்தை அறிந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஓர் இலைவாரியை எடுத்துக்கொண்டு முன்னே நின்றாற் போதும். மூன்று மாதம் பேசாத அயலவர் அன்று பேசுவார்.

வகுப்பறை பற்றிச் சிறிது. பேராசிரியரை அங்கே முதற்பெயர் சொல்லி அழைப்பர். ஐயா என்றோ சேர் என்றோ அழைத்தால் அவர் கூசுவார். நோர்வே மொழியிலும் நம்முடைய நீங்கள் என்பதைப் போன்ற மரியாதைச் சொல் இருந்தது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியிலே அது வழக்கொழிந்து, யாவரையும் ஒருமையில் விளிப்பதே முறையாயிற்று. நீ என்று சொல்ல நா எழாத நம் பிள்ளைக்கு ஆங்கிலம் இவ்விடத்தில் உதவுகிறது. இதனினும் முக்கியமானது, விரிவுரைகள் குறைவு என்பது. வாரத்தில் எட்டோ பத்தோ மணிநேரம் வகுப்பு இருந்தால் மீதி நேரம் ஓய்வென்று முதல் மாதத்திற் கருதுவோர் பலர். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னே படித்து வரவேண்டிய நூற்பகுதி பெரிது. வகுப்பிலே அதைக் குறித்து வாதிட வேண்டும். பேராசிரியர் கூற்றை மறுத்துப் பேசுவது அங்கே அடங்காமையாகாது. விரிவுரைக் குறிப்பை நெட்டுருச் செய்து எழுதிச் சித்தியெய்திய மாணவருக்கு இது கடினந்தான். நம் பாடசாலைகள் இதற்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதில்லை. விடைத்தாளில் மாணவர் பெயர் இல்லை, எண் மாத்திரமே. ஏ முதல் எஃப் வரை தரங்கள். எஃப் என்றால் தோல்வி.

ஒஸ்லோவிலே தமிழ் கேட்கும். நோர்வேக்கும் நமக்குமுள்ள தொடர்பை 2002ஆம் ஆண்டுச் சமாதான முயற்சியோடு மட்டும் இணைத்து நினைப்பவர்கள் அதற்கு முந்திய வரலாற்றை அறியார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இலே அந்நாட்டை அடைந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்று, அங்குள்ள நண்பர்களின் உதவியுடன் வடஇலங்கையிற் சீநோர் நிறுவனம் உருவாக வழி செய்தார். எண்பதுகளிலே நோர்வேயின் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு மாணவராகச் சென்ற தமிழ் இளைஞர் பலர். 1983இன் கலவரங்களுக்குப் பின் திரும்ப இயலாமல் அவர்களிற் பலர் அங்கேயே குடியாயினர். இன்று அந்நாட்டிலே பதினாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வாழ்கின்றனர். ஒஸ்லோவின் அம்மெரூட் பகுதியிலே சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. வார இறுதியிலே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மூன்று வயதிலே அங்குச் சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015 முதல் 2021 வரை ஒஸ்லோவின் துணை நகர முதல்வராக இருந்து, பின்னர் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார்.

இத்தகைய ஊரிலே மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும் ஒரு நல்ல வார்த்தையும் கிடையாமற் போகா. ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. ஆறு மாதத்தையும் தமிழ் வீடுகளிலேயே கழித்துவிட்டு ஊர் திரும்பும் மாணவர், ஒஸ்லோவைத் தொடர்வண்டிச் சன்னலூடாக மாத்திரமே கண்டவராவார். கிழமைக்கொரு முறை கோயிலுக்கும் உறவுக்கும், ஏனைய நாள்களில் நகருக்கும் என வகுத்துக்கொள்வது தகும்.

நகரிலே காண்பதற்குக் காசு வேண்டாத இடங்கள் நிறைய. 1785இலே திறந்த டைக்மன் நூலகம் 2020இற் கடலோரத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறிற்று. நாள் முழுதும் அங்கிருந்து படிக்கலாம். அதன் அயலிலேயுள்ள இசைநாடக அரங்கின் சாய்ந்த வெண்கூரைமீது எவரும் ஏறி நடக்கலாம். எல்லாவற்றிலும் சிறந்தது காடு. நகரத் தொடர்வண்டியிலேறி இறுதி நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே நூர்மார்க்கா என்னும் பெருங்காடு தொடங்குகிறது. கண்டியிலே தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தைக் காடு இருப்பதை ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் உடவத்தையிலே சீட்டு வாங்கி நுழைய வேண்டும், அந்திக்குள் வெளியேற வேண்டும். நோர்வேயிலே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிரிடாத நிலத்திலே யாரும் நடக்கலாம், வீடுகளுக்கு எட்டத்திலே கூடாரம் அடித்து உறங்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். ஓகஸ்டு முடிவிலே நீலப்பழம் பறிக்கும் மாணவர் கூட்டத்தோடு சேர்ந்து செல்பவருக்கு நவம்பரில் தோழர் இருப்பர்.

வசந்தத் தவணைக்குச் செல்வோர் மே 17ஐக் காணும் பேறு பெறுவர். 1814இலே அந்நாட்டார் தமக்கென அரசியல் யாப்பு வகுத்துக்கொண்ட நாள் அது. அன்று ஒஸ்லோவிலே பாடசாலைப் பிள்ளைகள் கொடியேந்தி அரண்மனை முன்னாற் செல்வர். அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைக்கும். அவர்கள் யாப்பு வகுத்ததற்கு அடுத்த ஆண்டு, 1815 மார்ச் 2ஆந் தேதி, கண்டி இராச்சியம் ஓர் உடன்படிக்கையாற் பிரித்தானியர் கைக்கு மாறிற்று என்பதைக் கண்டிப் பிள்ளை அக்கூட்டத்திடையே நினைக்கக்கூடும்.

இறுதியாக, ஊர் திரும்பும் காரியம். ஒரு தவணைக்கு முப்பது மதிப்பலகு என்பது ஐரோப்பியக் கணக்கு. அங்கே பெற்ற அலகுகளைப் பேராதனையிலே எப்பாடத்துக்கு ஈடாகக் கொள்வர் என்பதைப் புறப்படுமுன்னரே எழுத்திற் பெறவேண்டும். மாணவர், அனுப்பும் சர்வகலாசாலை, ஏற்கும் சர்வகலாசாலை ஆகிய மூவரும் ஒப்பமிடும் கல்வி உடன்பாட்டுத் தாள் ஒன்று உண்டு. வாய்வார்த்தையை நம்பிச் சென்றால், தவணைப் பாடங்களை மறுபடி படித்து, உடன்படித்தோர் பட்டம் பெற்றுச் சென்ற பின் பின்தங்கி நிற்க நேரும். தோட்டத்து லயன் அறையிலே, இந்த ஆண்டாவது மகள் உத்தியோகம் பெறுவாள் என்று நாள் எண்ணிக் காத்திருக்கும் தகப்பனுக்கு அந்த ஓராண்டு சிறிதன்று. அங்கே போனபின் ஒரு பாடம் நடவாமற் போய் வேறு பாடம் எடுக்க நேர்ந்தால், அந்த மாற்றத்துக்கும் தாமதியாமல் மூவர் ஒப்பத்தையும் பெற்று, ஒரு படியைத் துறைத்தலைவருக்கும் இன்னொரு படியை வீட்டுக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.